நாலு வடிகட்டி, ஒரே சம்ப்: ஒன்பது மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சம்ப்பை (மீன் தொட்டிக்குக் கீழே வடிகட்டிகளை வைக்கும் இன்னொரு தொட்டி) வாங்கலாம். சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது, குறைகளும் இருக்கின்றன, அவற்றைக் கீழே எழுதுகிறேன். ஆனாலும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் செய்துகொள்ளச் சொல்வேன். இதில் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரைத் தனியாக நிறுத்தலாம், பாசி அறைக்கு ஒரு வால்வு, பாஸ்பேட்டைப் பிடிக்கும் ரியாக்டருக்கு ஒரு வால்வு, ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றின் ஓட்டம் மாறாது. வாங்கும்போது இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான்காவது மாதம் என் தொட்டியைக் காப்பாற்றியது அந்த வால்வுகள்தான்.

எங்கள் வீடு சிங்கப்பூரில், செங்காங்கில். வரவேற்பறையில் 90 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரத்தில் ஒரு தொட்டி. சம்ப்போடு சேர்த்து ஓடும் தண்ணீர் சுமார் 240 லிட்டர். இரண்டு கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா, மூன்று குரோமிஸ், பிஸ்டல் இறாலோடு ஒரே பொந்தில் குடியிருக்கும் ஒரு கோபி. பவளங்களில் டார்ச், ஹேமர், ஸோவா, இரண்டு மான்டிபோரா, அப்போது ஒரு அக்ரோபோராவும் இருந்தது. பழைய சம்ப்பில் ஒரு ஸ்பாஞ்சும் ஒரு சின்ன ஸ்கிம்மரும் மட்டும்தான். பாசிக்கு உரமாகும் நைட்ரேட் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), பாஸ்பேட் 0.35. பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி, வாரம் ஒரு முறை பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்ப்பேன், அடுத்த வாரம் திரும்ப வந்து நிற்கும்.

எல்லோரும் சொன்ன யோசனை, உணவைக் குறை. எனக்கு அது முடியாது. அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார், 72 வயது. மதியம் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மீன்களுக்குத் தீனி போடுவதுதான் அவருடைய பொழுது. "பாவம்மா, வாயத் தொறந்து தொறந்து பாக்குதுங்க" என்பார். அவர் கையிலிருந்து அந்த டப்பாவைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. உள்ளே போவதைக் குறைக்க முடியாது என்றால் வெளியே எடுப்பதைக் கூட்டத்தான் வேண்டும்.

தண்ணீர் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நைட்ரேட் 50 இருக்கும்போது 10 விழுக்காடு தண்ணீரை மாற்றினால் 45 ஆகும், அடுத்த வாரத்துக்குள் தீனியும் மீன் கழிவும் அந்த 5-ஐத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அதோடு நம் ஊரில் பியுபி (தண்ணீர் வாரியம்) தரும் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரமைன் இருக்கிறது, நல்ல கார்பன் வைத்த ஆர்ஓ (சவ்வு வடிகட்டி), டிஐ (அயனி நீக்கி) வழியாக வடித்துத்தான் உப்புக் கலக்க வேண்டும், ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுக்க இரண்டு மூன்று வாளி கழிவாகப் போகும். வீட்டைத் துடைக்கவும் கழிப்பறைக்கும் அதைப் பிடித்து வைக்கிறேன், ஆனாலும் வாரம் 100 லிட்டர் மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா?

உபி பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம்தான் கொடுத்தேன். தமிழர். அக்ரிலிக் வெட்டி ஒட்டுவதோடு சொந்தமாகப் பவளத் தொட்டியும் வைத்திருக்கிறார், அதனால்தான் அவரிடம் போனேன். கேபினெட் அளவைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை மீன், நாளைக்கு எத்தனை வேளை தீனி, ஸ்கிம்மர் எந்த மாடல், அது எத்தனை சென்டிமீட்டர் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று கேட்டார். அந்த ஆழத்தை வைத்துத்தான் தடுப்புகளின் உயரத்தைக் குறித்தார். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் சம்ப்புகளில் இந்த ஆழம் சரியாக அமையாமல் ஸ்கிம்மருக்கு அடியில் எதையாவது முட்டுக்கொடுத்து உயர்த்துவதை நிறையப் பேர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் மேலிருந்து வந்ததும் முதலில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக்ஸ் இரண்டு, வடிகட்டும் துணிப்பைகள். மிச்சத் தீனியும் கழிவும் அதில் நிற்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், சோப்பு போடாமல் வாஷிங் மெஷினில் சுற்றினால் போதும். ஒரு வாரம் விட்டால் பிடித்து வைத்த குப்பை அங்கேயே அழுகித் தண்ணீரில் கரைந்துவிடும், பிறகு சாக்ஸ் இருப்பதில் பயனே இல்லை. என் பழைய ஸ்பாஞ்ச் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அடுத்த அறை ஸ்கிம்மர். காற்றைப் பொடிப்பொடிக் குமிழிகளாக்கி உப்புத் தண்ணீரில் விடும்போது கரைந்திருக்கும் புரதமும் கொழுப்பும் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறிக் கிண்ணத்தில் வழியும். அழுகி நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே அழுக்கை வெளியே எடுப்பது சாக்ஸைத் தவிர இது ஒன்றுதான். ஏற்கெனவே நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிவிட்டதை ஸ்கிம்மர் தொடாது, நல்ல ஸ்கிம்மர் வாங்கியும் எண் இறங்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கிண்ணத்தைத்தான். தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் நிறைய இருந்தால் நுரை ஈரமாக வழிகிறது, உப்புத் தண்ணீரும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம். கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) மாதிரி கறுப்பாக, கொஞ்சமாக, மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறினால் சரியாக ஓடுகிறது. கழுத்துப் பகுதியில் படியும் பிசுக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் நுரை ஏறுவதே குறைந்துவிடும். இன்னொன்று, ஏர்கான் போட்டு ஜன்னலை மூடி வைக்கும் வீட்டில் நாம் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயு சேர்ந்து தொட்டியின் பிஎச் இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டியதும் எங்கள் வீட்டில் காலை பிஎச் 7.8-லிருந்து 7.95-க்கு வந்தது. அண்ணன் சம்ப்பின் மேல் விளிம்பில் அந்தக் குழாய்க்கென்றே ஒரு துளை போட்டுக் கொடுத்திருந்தார், நான் கேட்காமலே.

மூன்றாவது அறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரெஃபியூஜியம் என்பார்கள், நான் பாசி அறை என்றே சொல்கிறேன். உள்ளே கீட்டோமார்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) என்ற பாசி, பார்க்கச் சிக்கல் விழுந்த பச்சை நார்ப் பந்து மாதிரி இருக்கும். அது வளர நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டும் வேண்டும். வளர்ந்ததைக் கையால் பிய்த்து எடுத்தால் அவை இரண்டும் அதோடு வெளியே போய்விடும். பாசியை எதிரியாகப் பார்க்காமல் ஓரிடத்தில் வளரவிட்டு அறுவடை செய்வது புதிய யோசனை இல்லை, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி 1980-களிலேயே பாசித் தட்டுகளை வைத்துப் பவளப்பாறைத் தொட்டிகளை ஓட்டினார். அதற்கும் முன்பு, 1961-இல், நம் பக்கத்து ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளங்களை உயிரோடு வைத்திருந்ததை எழுதினார். இந்தப் பொழுதுபோக்கு எல்லாமே ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று நினைக்கிறவர்களிடம் அவரைப் பற்றி நான் எப்போதும் சொல்வேன்.

பாசி அறை விளக்கு இரவு 11 மணிக்கு எரியத் தொடங்கிக் காலை 7-க்கு அணையும். மேலே தொட்டி இருட்டில் இருக்கும்போது கீழே பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் இரவில் பிஎச் அதிகம் விழாது. முதல் மூன்று வாரம் கீட்டோ அசையவே இல்லை, கொஞ்சம் வெளிறக்கூடச் செய்தது. ஓட்டம் அதிகமாக இருக்கிறதோ என்று வால்வைப் பாதியாக மூடினேன், விளக்கை 10 சென்டிமீட்டர் கீழே இறக்கினேன், பிறகு பிடித்துக்கொண்டது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி பிய்க்கிறேன். பிய்க்கும்போது அதற்குள்ளிருந்து இறால் மாதிரியான கடுகளவு ஆம்பிபாடுகள் துள்ளி ஓடும், அவற்றை உதறி அறைக்குள்ளேயே விட்டுவிட்டு நாரை மட்டும் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். தயவுசெய்து யாரும் கால்வாயிலோ கடலிலோ போட்டுவிடாதீர்கள்.

நான்காவது, திரும்பும் பம்ப் அறையில் தொங்கும் ஜிஎஃப்ஓ ரியாக்டர். துருப்பிடித்த மணல் மாதிரி இருக்கும் இரும்பு ஆக்சைடு, பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டைத் தொடாது. முதலில் ஆர்ஓ தண்ணீரில் சிவப்பு போகும்வரை அலச வேண்டும். வால்வைத் திறக்கும்போது மேல்பரப்பு மட்டும் உலையில் அரிசி அசையத் தொடங்குவது மாதிரி லேசாக அசைந்தால் போதும், குதித்துக் கொதித்தால் துகள்கள் உரசிப் பொடியாகித் தொட்டிக்குள் போகும்.

சரி, இப்போது நடந்த தவறுக்கு வருகிறேன். சம்ப்பைக் கொடுக்கும்போதே அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, எல்லாத்தையும் ஒரே நாள்ல ஓட்டாதம்மா. ஒன்ன ஓட்டு, மூனு வாரம் நம்பரப் பாரு, அப்புறம் அடுத்தது." முதல் இரண்டு மாதம் கேட்டேன். சாக்ஸும் ஸ்கிம்மரும் சேர்ந்து நைட்ரேட்டை 40-க்குக் கொண்டுவந்தன, கீட்டோ பிடித்த பிறகு 25. பாஸ்பேட் மட்டும் 0.22-லேயே நின்றது. அதற்குக் காரணம் பாறை. சுண்ணாம்புப் பாறை பல மாதமாகப் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கும், தண்ணீரில் குறையக் குறைய மெல்ல வெளியே விடும். பொறுத்திருக்க வேண்டிய நேரம் அது. நான் பொறுக்கவில்லை. ரியாக்டரில் டப்பாவில் போட்டிருந்த முழு அளவு ஜிஎஃப்ஓவைப் போட்டேன், அதே வாரம் வெள்ளை வினிகரையும் ஊற்றத் தொடங்கினேன், நாளுக்கு 2 மில்லியில் தொடங்கி வேகமாகக் கூட்டினேன்.

வினிகர் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்தாலும் கார்பன் போதாது. கார்பனைக் கொடுத்தால் பல்கிப் பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியே எடுக்கும். அதாவது ஸ்கிம்மர் இல்லாமல் வினிகர் ஊற்றவே கூடாது, பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்ற கடல் ஆய்வாளர் கடல் நுண்ணுயிர்களில் 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் இருப்பதைக் காட்டினார். தொட்டியில் அந்த விகிதத்தை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, ஆனால் ஒன்று முழுக்கத் தீர்ந்தால் மற்றதை எடுக்கும் வேலையும் நின்றுவிடும் என்ற அளவுக்கு அது உண்மை. ஆகவே நாலு வடிகட்டியும் இந்த வினிகரும் ஒன்றுக்கொன்று துணை மட்டும் இல்லை, ஒரே சாப்பாட்டுக்குப் போட்டியும் போடுகின்றன. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து வாரத்தில் நைட்ரேட் சோதனைக் குப்பியில் நிறமே வரவில்லை. ஹேனா செக்கர் என்ற அளவுக் கருவியில் பாஸ்பேட் 0.00. அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன், அவ்வளவு மகிழ்ச்சி. அவரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி: "ரியாக்டர மூடு, இப்பவே."

நான் மூன்று நாள் கழித்துத்தான் மூடினேன். அதற்குள் மணலில் பழுப்பாகச் சளி மாதிரி ஒன்று படிந்தது, நூல் நூலாக, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு குமிழி. இரவில் குறையும், விளக்கு எரிந்து மதியம் ஆனதும் திரும்ப மூடும். மகள் பள்ளித் திட்டத்துக்கு வாங்கிய நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். எள் மாதிரி ஒரு முனை கூர்ந்த உருவங்கள், கயிற்றில் கட்டிய மாடு முளையைச் சுற்றுவது மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர். பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் சாப்பாடு இல்லாமல் போகும்போது காலியான இடத்தைப் பிடித்துக்கொள்வது அது. பவளம் வளர வேண்டிய கார்பனேட் அளவைக் காட்டும் அல்கலினிட்டியை வேறு 9.5-இல் வைத்திருந்தேன், சத்தே இல்லாத தண்ணீரில் அது அதிகம், அக்ரோபோராவின் நுனிகள் வெள்ளையாகிப் பத்தே நாளில் முழுக்கப் போய்விட்டது. கட்டைவிரல் அளவில் வாங்கி ஒன்றரை வருடம் வளர்த்தது. டார்ச்சில் நாலு தலையில் ஒன்று போனது.

இங்கேதான் இந்தச் சம்ப் தன் மதிப்பைக் காட்டியது. ரியாக்டர் வால்வை முழுக்க மூடினேன், வேறு எதிலும் தண்ணீர் மட்டம் மாறவில்லை. பாசி அறை ஓட்டத்தைக் கால் பங்காக்கி விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறைத்தேன், கீட்டோ சாகவும் இல்லை, சத்தைப் பெரிதாக இழுக்கவும் இல்லை. ஸ்கிம்மரை நிறுத்தவில்லை, ஆக்சிஜனுக்காக விட்டேன், நுரை மட்டத்தை மட்டும் இறக்கினேன். வினிகரைப் பாதியாக்கி ஒரு வாரத்தில் நிறுத்தினேன். நண்பர் ஒருவரிடம் யுவி விளக்கைக் கடன் வாங்கி மாட்டினேன், இந்த வகை டைனோ இரவில் தண்ணீரில் மிதக்க வருவதால் யுவியில் மாட்டும். அப்புறம் அப்பாவிடம் போய், இனி நீங்கள் இரண்டு மடங்கு போடுங்கள் என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. "நெசமாவாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தார். மூன்று வாரத்தில் நைட்ரேட் 4, பாஸ்பேட் 0.05 என்று திரும்ப எண்கள் தெரியத் தொடங்கின, மணல் வெளுத்தது. பழைய ஒற்றை அறைச் சம்ப்பாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்திருக்காது.

இப்போது ஒன்பதாவது மாதம். சாக்ஸ், ஸ்கிம்மர், பாசி அறை மூன்றும் எப்போதும் ஓடுகின்றன, முக்கிய வேலை கீட்டோவுடையது. ஜிஎஃப்ஓ சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்குதான், பாஸ்பேட் 0.10-ஐத் தாண்டினால் மட்டும் வால்வைத் திறக்கிறேன். வினிகரைத் திரும்பத் தொடவில்லை, தேவைப்படவில்லை. நைட்ரேட் 8 பக்கம், பாஸ்பேட் 0.06-க்கும் 0.08-க்கும் நடுவில். செக்கரில் 0.02 வரை முன்பின் இருக்கும், குப்பியில் கைரேகை பட்டால்கூட எண் மாறும், அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்து நான் எதையும் திருகுவதில்லை, மூன்று வாரக் கோட்டைப் பார்க்கிறேன். முடிப்பாசி பின்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் இருக்கிறது, பாறையில் இல்லை. டார்ச்சில் புதிதாக இரண்டு தலை பிரிந்திருக்கிறது. அப்பா நாளுக்கு இரண்டு வேளை போடுகிறார்.

செலவு: சம்ப் 720 வெள்ளி, ஸ்கிம்மர் 290, ரியாக்டரும் குட்டி பம்ப்பும் 65, பாசி விளக்கு 80. மின்சாரம் ஸ்கிம்மர் 12 வாட், ரியாக்டர் பம்ப் 5, விளக்கு 30 வாட் எட்டு மணி நேரம், மாதம் 20 யூனிட்டுக்குக் கீழே, ஆறு வெள்ளி அளவு. தொட்டியை 26 டிகிரியில் வைக்கும் சில்லர்தான் உண்மையில் பில்லை ஏற்றுகிறது, அது எந்தச் சம்ப் வாங்கினாலும் இருக்கும்.

குறைகள். சாக்ஸ் வளையம் தண்ணீர் மட்டத்திலிருந்து உயரமாக இருக்கிறது, தண்ணீர் கொட்டும் சத்தம் இரவில் படுக்கையறை வரை கேட்டது, குழாயை நீட்டிச் சாக்ஸுக்குள் மூழ்கவிட்ட பிறகு அடங்கியது. ஸ்கிம்மர் அறைக்கும் பாசி அறைக்கும் நடுவில் குமிழிகளைத் தடுக்க ஒரே தடுப்புதான், பொடிக்குமிழிகள் முதல் மாதம் தொட்டி வரை வந்தன, ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகியிருக்கிறேன், அதையும் சாக்ஸோடு சேர்த்து மறக்காமல் கழுவ வேண்டியிருக்கிறது. பாசி அறையின் நகரும் கதவு சுண்ணாம்பு படிந்து ஆறாவது மாதம் இறுகிவிட்டது, கழற்றி வினிகரில் ஊறவைத்தேன். கதவு தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியிருப்பதால் பிடிக்க இடமே இல்லை. அண்ணனிடம் சொன்னேன், அளவைக் கொண்டுவா, வேறு வெட்டித் தருகிறேன் என்றார், காசு வேண்டாமாம். நீங்கள் செய்யக் கொடுத்தால் இரண்டு தடுப்பு கேளுங்கள், கதவைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் 3 சென்டிமீட்டர் நீட்டி வெட்டச் சொல்லுங்கள்.